பொய் முயல்

1966ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள் 15ஆம் நாள். இங்கிலாந்து நாட்டிலே உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடைபெற்றுக் கொண்டிருக்கிறது. உருகுவே நாடும் பிரான்சு நாடும் மோத வேண்டிய நாள் அது. இலண்டன் மாநகரின் பெருமை என்று கொண்டாடப்பட்ட வெம்பிளி அரங்கம் இருக்கிறது. ஆனால் ஆட்டம் அங்கே நடைபெறவில்லை! காரணம் என்ன? மழையா? கலகமா? இல்லை. அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் வெம்பிளியில் நாய்ப் பந்தயம். ஒரே ஒரு நாள் நாய்களை நிறுத்தி வைக்க அரங்கத்து உரிமையாளர் இசையவில்லை. கடல் கடந்து வந்த வீரர்கள் வேறிடம் தேடிப் போனார்கள். போன இடம் ‘வொயிட் சிட்டி’ – வெள்ளை நகர் அரங்கம். வேடிக்கை என்னவென்றால், அதுவும் நாய்ப் பந்தயத்தால் பிழைத்துக் கொண்டிருந்த அரங்கமே! அன்று மாலை அங்கே பந்தயம் இல்லை. ஆகவே மனிதருக்கு இடம் கிடைத்தது.

‘நாய்’ என்பது நம் நாட்டில் வசைச்சொல். அந்த நாய்க்காக உலகக் கோப்பையே ஒதுங்கி வழிவிட்டது என்றால், அந்த நாய்க்குப் பின்னால் நின்ற பணம் எத்துணை வலியது என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா? அந்தப் பணம் எவர் பையிலிருந்து வந்தது, எவர் பெட்டிக்குள் போயிற்று என்பதையும் கேட்க வேண்டாமா? வெள்ளை நகர் அரங்கத்தின் வாழ்வும் வீழ்ச்சியும் இந்தக் கேள்விகளுக்கு விடை தரும்.

முதலில் நாயைப் பற்றி ஒரு சொல். கிரேஹவுண்ட் என்பது மெலிந்த இடை, ஆழ்ந்த மார்பு, நீண்ட கால் கொண்ட வேட்டை நாய். மோப்பத்தால் அல்ல, கண்ணால் கண்டு துரத்துவது. நம் சிப்பிப்பாறை நாயைக் கண்டவர்கள் அதன் உருவை எளிதில் மனத்தில் வரைந்து கொள்ளலாம். இங்கிலாந்தில் அது சீமான்களின் செல்லப்பிராணி. ஏழை வளர்த்தால் குற்றம். மிகைப்படுத்தவில்லை தோழர்களே! 1390ஆம் ஆண்டின் சட்டம், ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் இல்லாதவன் வேட்டைக்குக் கிரேஹவுண்ட் வைத்திருக்கக் கூடாது என்று விதித்தது. பாதிரிமார்களுக்கும் ஒரு வரம்பு வைத்தது – ஆண்டுக்கு 10 பவுன் வருமானம் உள்ள பாதிரி வளர்க்கலாம்! அதற்கும் முன்பே அரசனின் காடுகளை அடுத்து வாழ்ந்த எளியோரின் நாய்களுக்கு முன்காலில் மூன்று நகங்களை வெட்டும் வழக்கம் இருந்தது. மன்னனின் மானை அது துரத்திவிடக் கூடாதாம். ஊருக்குள் வரக்கூடாத தெரு, இறங்கக்கூடாத குளம் என்று நம் நாட்டில் மனிதனுக்கு வேலி போட்டார்கள். அங்கே மனிதனின் வறுமையை அளந்து, அவனுடைய நாயின் காலையும் வெட்டினார்கள்.

பின்னர் உயிருள்ள முயலை அவிழ்த்துவிட்டு இரண்டு நாய்களை ஏவும் ஆட்டம் சீமான்களிடையே பரவியது. 1836இல் தொடங்கிய ‘வாட்டர்லூ கோப்பை’ அதன் உச்சம். அது 2005 வரை நடந்தது. வேட்டைத் தடைச் சட்டம் வந்த பிறகே நின்றது. முயலின் மரண ஓட்டம் கனவான்களுக்குக் களிப்பு. ஆனால் அதைக் காண வயல்வெளி வேண்டும், பகற்பொழுது வேண்டும், ஓய்வு வேண்டும். ஆலைத் தொழிலாளிக்கு இம்மூன்றும் ஏது?

உயிர் முயலுக்குப் பதில் பொய் முயல் – இந்த எண்ணம் முதலில் முளைத்தது 1876இல். இலண்டனுக்கு அருகே ஹெண்டன் என்ற இடத்தில், தண்டவாளத்தின் மீது ஒரு பொம்மை முயலை இழுத்து ஓட்டி, நாய்களைத் துரத்தவிட்டார்கள். நேர்க்கோட்டு ஓட்டம்; வேகமான நாய் எப்போதும் வென்றது; பார்த்தவர்களுக்குச் சலித்தது. எண்ணம் மடிந்தது. அதை உயிர்ப்பித்தவர் ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்ற அமெரிக்கர். வட்டத் தடம், அதன் ஓரமாகத் தண்டவாளம், அதன் மேல் மின்விசையால் ஓடும் முயல் பொம்மை – இந்த அமைப்போடு 1919இல் கலிபோர்னியாவில் எமரிவில் என்ற ஊரில் தடம் திறந்தார். முயல் சாகாமல் காக்க வேண்டும் என்ற இரக்கமும் அவரிடம் இருந்தது என்பார்கள். இருக்கலாம். அந்த இரக்கத்தில் இலாபம் இருப்பதைப் பிறர் விரைவில் கண்டுகொண்டனர்.

அமெரிக்க வணிகர் சார்லஸ் மன் அந்த முயலை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். பிரிகேடியர் ஜெனரல் கிரிட்ச்லி என்ற படைத்தலைவர் துணை நின்றார். கிரேஹவுண்ட் பந்தயச் சங்கம் என்ற நிறுவனம் பிறந்தது. பெயர்தான் சங்கம், வேலை வாணிபம்.

1926, ஜூலை 24. மான்செஸ்டர் நகரில் பெல் வ்யூ தடத்தில் முதல் பந்தயம். வந்தவர் ஏறத்தாழ 1,700 பேர்தான். வென்ற நாயின் பெயர் மிஸ்ட்லி. ஆனால் சில வாரங்களிலேயே கூட்டம் பத்தாயிரத்தைத் தாண்டியது! அந்த ஆண்டை நாம் மறக்கக் கூடாது. அந்த மே மாதத்தில்தான் இங்கிலாந்துத் தொழிலாளர்கள் ஒன்பது நாள் பொது வேலைநிறுத்தம் செய்து, தோற்று, தலைகுனிந்து ஆலைக்குத் திரும்பினர். பந்தயம் தொடங்கிய அந்த ஜூலையிலும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கதவடைப்பில் பட்டினி கிடந்தனர். போராட்டத்தில் கிடைக்காத கூலி, நாயின் காலில் கிடைக்குமோ என்ற நப்பாசை பிறந்ததில் வியப்பென்ன? இதுதான் ஒரே காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். மாலை வேளை, மின்விளக்கின் ஒளி, வீட்டிலிருந்து டிராம் வண்டியில் போய் வரும் தொலைவு, பெண்களும் தயக்கமின்றி வந்து அமரும் இடம் – இவையும் காரணங்கள். குதிரைப் பந்தயமோ நண்பகலில், தொலைவில், தொப்பி அணிந்த கனவான்களுக்காக நடந்தது.

இனி வெள்ளை நகருக்கு வருவோம். மேற்கு இலண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் என்ற பகுதியில், 1908இல் பிரான்சும் பிரிட்டனும் இணைந்து பெரும் பொருட்காட்சி நடத்தின. கட்டடங்கள் அனைத்தும் வெண்ணிறம். ஆகவே வெள்ளை நகர் என்று பெயர். அவ்வாண்டு ஒலிம்பிக் பந்தயம் ரோம் நகரில் நடைபெற வேண்டியது. 1906இல் வெசூவியஸ் எரிமலை வெடித்த பிறகு இத்தாலி பின்வாங்கியது, இலண்டன் ஏற்றது. அதற்காக எழுந்ததுதான் 68 ஆயிரம் பேர் கொள்ளும் அந்த அரங்கம். நீச்சல் குளம்கூட உள்ளேயே இருந்தது. மராத்தான் ஓட்டத்தில் இத்தாலிய வீரர் டொராண்டோ பியெத்ரி முதலில் உள்ளே வந்து, மயங்கி, மீண்டும் மீண்டும் விழுந்து, பிறர் கைத்தாங்கலால் கோட்டைக் கடந்ததும், உதவி பெற்றார் என்று பரிசு மறுக்கப்பட்டதும் இங்கேதான். இரக்கம் கொண்ட அரசி அலெக்சாண்ட்ரா மறுநாள் அவருக்குத் தனியாக ஒரு கோப்பை வழங்கினார். அவர் விழுந்தெழுந்த நாளும் ஒரு ஜூலை 24தான். பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதே நாளில்தான் மான்செஸ்டரில் பொய் முயல் ஓடத் தொடங்கியது.

ஒலிம்பிக் முடிந்தது; அரங்கம் கேட்பாரற்றுப் போனது. இடித்துவிடலாமா என்றுகூடப் பேச்சு எழுந்தது. அந்த நிலையில் 1927இல் பந்தயச் சங்கம் அதைக் கைப்பற்றியது. புல்தடம் அமைந்தது, தண்டவாளம் அமைந்தது, ஜூன் 20இல் முதல் பந்தயம். அவ்வாண்டு அக்டோபரில் ‘டெர்பி’ என்ற பெரும்போட்டி தொடங்கியது. என்ட்ரி பேட்ஜ் என்ற நாய் வென்றது. குதிரைச் சீமான்களின் ‘டெர்பி’ பெயரையே நாய்க்கும் சூட்டினார்கள் – ஏழைக்குப் பட்டம் கட்டிப் பார்ப்பதில் எவருக்குத்தான் ஆசையில்லை! அந்த 1927ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் தடங்களுக்கு வந்தவர் தொகை ஏறத்தாழ 55 இலட்சம்.

ஒரு மாலை எப்படி நடக்கும்? ஆறு நாய்கள். ஒன்றுக்குச் சிவப்புச் சட்டை, இரண்டுக்கு நீலம், மூன்றுக்கு வெள்ளை, நான்குக்குக் கறுப்பு, ஐந்துக்குக் கிச்சிலி நிறம், ஆறுக்குக் கறுப்பு வெள்ளைக் கோடு. ஒவ்வொன்றின் வாயிலும் கூடு. கூண்டுக்குள் அடைப்பார்கள். விளக்குகள் அணையும், தடம் மட்டும் ஒளிரும். முயல் கிறீச்சிட்டு ஓடிவரும். கூண்டுக் கதவு எழும்பும். ஏறத்தாழ முப்பது நொடி! அவ்வளவுதான். முப்பது நொடியில் ஒரு வாரக் கூலி முளைக்கும்; அல்லது மறையும். முயலை எந்த நாயும் பிடிக்காது. பிடிக்கவிடாமல் ஓட்டுவதற்கே ஒருவர் விசையருகில் அமர்ந்திருக்கிறார். நாய்க்கு அது தெரியாது. பணம் கட்டியவருக்கு ஓரளவு தெரியும். இருந்தும் அடுத்த பந்தயத்துக்குச் சீட்டு வாங்குகிறார்.

இந்த இடத்தில் நம் தோழர்களோடு சேர்ந்து ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பந்தயம் கட்டிய பணத்தையெல்லாம் ஒன்றாகக் கூட்டி, ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு, மீதியை வென்றவர்களுக்குப் பிரித்துத் தருவது ‘டோட்’ என்னும் கணக்குப் பொறி. கழிவு நூற்றுக்கு ஆறு என்று வைத்துக்கொள்வோம். சிறு தொகைதானே என்று தோன்றும். ஆனால் ஒரு மாலையில் எட்டுப் பந்தயம். கையில் வந்ததையெல்லாம் திரும்பத் திரும்பக் கட்டும் கூட்டத்தின் 100 பவுன், எட்டாவது பந்தயம் முடிந்ததும் 61 பவுனாக நிற்கும். 39 பவுன் எவரிடமும் தோற்கவில்லை, கழிந்தே போயிற்று! எந்த நாய் வென்றாலும், எவருக்கு ‘நல்ல நேரம்’ இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சாதகம் பார்த்து, எண் பார்த்து, கனவில் கண்ட நிறத்தைப் பார்த்துப் பணம் கட்டியவர்கள் உண்டு. கூட்டல் கழித்தல் பார்த்தவர்கள் குறைவு.

அரசு என்ன செய்தது? சூதாட்டம் தீது என்று தடுத்ததா? தடுத்தது – எவரைத் தடுத்தது என்று பார்க்க வேண்டும். 1906ஆம் ஆண்டின் தெருப் பந்தயச் சட்டப்படி, தெருவில் நின்று ஒரு ஷில்லிங் ரொக்கம் கட்டும் தொழிலாளி குற்றவாளி. மாளிகையில் அமர்ந்து, கடன் கணக்கு வைத்து, தொலைபேசியில் நூறு பவுன் கட்டும் சீமானுக்குச் சட்டம் வாய்திறக்கவில்லை. 1928இல் ‘டோட்’ பொறியைக் குதிரைத் திடல்களுக்கு அனுமதித்தார்கள். நாய்த் தடங்களுக்கு அந்த உரிமை இல்லை. 1934இல்தான் அந்த உரிமை வந்தது. கூடவே ஒரு தடத்தில் ஆண்டுக்கு 104 நாளே பந்தயம் என்ற வரம்பும் வந்தது.

சர்ச்சில் பெருமானைப் பாருங்கள். நிதியமைச்சராக இருந்தபோது 1926இல் பந்தயத்துக்கு வரி விதித்தவர் அவர். நாய்ப் பந்தயத்தை உயிருள்ள சூதுச் சக்கரம் என்ற பொருளில் இகழ்ந்தவரும் அவரே. மிக நன்று, இகழட்டும். ஆனால் 1949 முதல் தாமே பந்தயக் குதிரைகளுக்கு உரிமையாளராகிவிட்டார்! சூது நாயின் மேல் ஏறினால் இழிவு. குதிரையின் மேல் ஏறினால் கௌரவம். 1945 தேர்தலில் அவர் வாக்குக் கேட்டுப் பேசிய இடங்களுள் ஒன்று வால்தம்ஸ்டோ நாய்ப் பந்தய அரங்கம் என்பதும், அங்கே கூடிய தொழிலாளர் கூட்டத்தில் ஒரு பகுதி அவரை ஏளனக் கூச்சலிட்டுத் திணறடித்தது என்பதும், அந்தத் தேர்தலில் தொழிற்கட்சியே வென்றது என்பதும் உபரிச் செய்திகள்.

குதிரைக்குத் தனிச் சலுகை என்பது அந்த நாட்டோடு முடிந்ததல்ல. கலைஞர் தலைமையில் இயங்கிய தமிழக அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. வழக்கு வளர்ந்தது, 1996இல் உச்சநீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை ஆட்டமே என்று தீர்ப்பளித்தது. திறமை குதிரைக்கும் அதை ஓட்டுபவருக்கும் இருக்கலாம். சீட்டு வாங்கிவிட்டு வேலியோரம் நிற்பவரின் திறமை என்ன என்பதுதான் நமக்கு விளங்காதது.

வெள்ளை நகரின் பொற்காலத்துக்கு ஒரு நாயகன் உண்டு. பெயர் மிக் த மில்லர். 1926இல் அயர்லாந்தில் கில்லீ என்ற சிற்றூரில் பிறந்தது. வளர்த்தவர் யார் தெரியுமா? பிராஃபி என்ற கத்தோலிக்கப் பாதிரியார்! 1390இன் சட்டம் கேட்ட பத்துப் பவுன் வருமானம் அவருக்கு இருந்ததா என்று இப்போது எவரும் கேட்கவில்லை. நோய்வாய்ப்பட்டு, சாவின் விளிம்பு வரை சென்று பிழைத்த அந்த நாய், 1929இல் வெள்ளை நகருக்கு வந்தது. முதல் சுற்றில் ஓடிய ஓட்டத்தைக் கண்டதும் ஒரு புக்கி 800 கினி கொடுத்து வாங்கினார். 525 கஜ தூரத்தை 30 நொடிக்குள் ஓடிய முதல் நாய் அதுவே – 29.82 நொடி. 1929 டெர்பியை வென்றது. 1930இலும் வென்றது. தொடர்ந்து 19 பந்தயம் வென்றது. 1931இல் மீண்டும் முதலில் கோட்டைத் தொட்டது. ஆனால் பந்தயம் செல்லாது என்று அறிவித்து மறுபடி ஓடவிட்டார்கள். களைத்த நாய் தோற்றது. திரைப்படத்திலும் நடிக்க வைத்தார்கள். 1939இல் அது இறந்தபோது உடலைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். இன்றும் இருக்கிறது. ஒரு நாயைப் போற்றியதை நாம் குறை கூறவில்லை. அழகிய உயிர், அரிய வேகம். அதனோடு ஓடித் தோற்ற நாய்கள் எங்கே போயின என்றுதான் கேட்கிறோம். அதைப் பிறகு பார்ப்போம்.

உலகப் போர் வந்தது. பந்தயம் சுருங்கியது, நிற்கவில்லை. போர் முடிந்ததும் கூட்டம் வெள்ளமெனப் பாய்ந்தது. கையில் போர்க்காலச் சம்பளம் இருந்தது, கடையில் வாங்கப் பண்டம் இல்லை, எல்லாம் பங்கீடு. 1946இல் நாடெங்கும் தடங்களுக்கு வந்தோர் தொகை மூன்று கோடிக்கு மேல். ‘டோட்’ பொறியில் விழுந்த பணம் ஏறத்தாழ 20 கோடிப் பவுன். 1947இன் கடுங்குளிரில் நிலக்கரித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பந்தயத்தைச் சில வாரம் அரசே நிறுத்தியது. அதன் பின் வரி வந்தது. 1948 முதல் நாய்த் தடத்தின் ‘டோட்’ பணத்தில் நூற்றுக்குப் பத்து. குதிரைத் திடலின் ‘டோட்’ பணத்துக்கு? அந்த வரி இல்லை! ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி என்பதைத் தோழர்கள் குறித்துக்கொள்க. நாம் போட்ட கணக்கில் அந்தப் பத்தையும் சேர்த்துப் பாருங்கள்: எட்டுப் பந்தயம் முடிந்தபின் 100 பவுனில் 25 பவுன்கூட மிஞ்சாது.

கூட்டம் குறையத் தொடங்கியது. 1950இல் வெளிவந்த ‘நீல விளக்கு’ என்ற புகழ்பெற்ற போலீஸ் படத்தின் இறுதித் துரத்தல் வெள்ளை நகரில் படமாக்கப்பட்டது. திரையில் தெரியும் அந்த நெருக்கடி பின்னர் நாளுக்கு நாள் இளைத்தது. வீட்டுக்குள் தொலைக்காட்சி வந்தது. கடைசி அடியை அரசு கொடுத்தது. 1960இல் நிறைவேறிய சட்டப்படி, 1961 மே முதல் நாளிலிருந்து தெருக்கோடியில் பந்தயக் கடை திறக்கலாம் என்றாயிற்று. ஐம்பத்தைந்து ஆண்டு எதைக் குற்றம் என்றார்களோ அது வாணிபமாயிற்று. நாயைப் பார்க்காமலே நாயின் மேல் பணம் கட்டலாம். பிறகு டிராம் ஏறி அரங்கம் போவானேன்? ஒழுக்கம் பேசியவர்களாலும், தேவாலயப் பிரசங்கத்தாலும் மூட முடியாத தடங்களைப் பக்கத்துத் தெருக் கடை மூடியது. சூதாட்டம் ஒழிந்ததா? இடம் மாறியது, அவ்வளவே.

பந்தயச் சங்கத்தின் தலைவர்களும் நாயை விட்டு நிலத்தைப் பார்க்கத் தொடங்கினர். இலண்டன் நகருக்குள் இத்தனை பெரிய வெளி – அதன் விலை என்ன! மனை வாணிபத்தில் இறங்கினர். 1970களின் நடுவில் நில விலை சரிந்தபோது கடனில் மூழ்கினர். கடனை அடைக்கத் தடங்களை விற்க வேண்டியதாயிற்று. 1984 செப்டம்பர் 22இல் வெள்ளை நகரில் கடைசிப் பந்தயம். மறு ஆண்டு அரங்கத்தை இடித்தார்கள். அந்த இடத்தில் பி.பி.சி. ஒலிபரப்பு நிறுவனத்தின் கட்டடம் எழுந்தது. டெர்பி விம்பிள்டனுக்குப் போனது. விம்பிள்டனும் 2017இல் மூடப்பட்டது. 1933இல் திறந்த வால்தம்ஸ்டோ 2008இல் மூடப்பட்டது. முதன்முதலில் பொய் முயல் ஓடிய பெல் வ்யூவில் 2020இல் நாய் ஓட்டம் நின்றது. இவற்றில் பலவும் வீட்டு மனைகளாயின. இழப்பவர் அரங்கத்துக்கு வந்து இழக்கும்வரை மண்ணுக்கு ஒரு பயன் இருந்தது. வராதபோது மண்ணை விற்பதே இலாபம்.

இப்போது நாய்களுக்கு வருவோம். பந்தய நாய் ஓடுவது மூன்று, நான்கு வயது வரை. வாழக்கூடியது பத்து, பன்னிரண்டு ஆண்டு. இடையிலுள்ள ஆண்டுகளுக்குச் சோறு போடுபவர் யார்? 2006 ஜூலையில் ஓர் இலண்டன் செய்தித்தாள் அதைக் கண்டறிந்து எழுதியது. இங்கிலாந்தின் வடகிழக்கே சீயம் என்ற ஊரில், ஒருவர் தம் நிலத்தில், தலைக்குப் பத்துப் பவுன் கூலி பெற்றுக்கொண்டு, ஓட்டம் ஓய்ந்த நாய்களை நெற்றியில் ஆணித் துப்பாக்கியால் அடித்துக் கொன்று புதைத்துவந்தார். பதினைந்து ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கு மேல் என்று அந்த ஏடு கணக்கிட்டது. சிறு முயலைக் காப்பாற்றப் பொம்மை செய்த நாகரிகம் இது! கொலைத்தொழில் வெளியானதும் நாடு பதறியது. விசாரணைக் குழு அமைந்தது. 2010இல் பந்தய நாய்களின் நலனுக்கென விதிகள் வந்தன. ஆயினும் தடத்தின் வளைவுகளில் கால் முறிவது நின்றபாடில்லை. வட்டத்தில் அந்த வேகம் ஓடினால் எலும்பு தாங்காது என்பதை எந்த விதியாலும் மாற்ற இயலாதல்லவா?

2024 டிசம்பரில் நியூசிலாந்து அரசு நாய்ப் பந்தயத்தை ஒழிக்கப் போவதாக அறிவித்தது. 2025 ஜனவரியில் இலண்டன் ஓரத்துக் கிரேஃபோர்டு தடம் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தியது. அடுத்த மாதமே வேல்ஸ் அரசு தன் எல்லைக்குள் தடை கொண்டுவரப் போவதாக அறிவித்தது. அங்கே அப்போது எஞ்சியிருந்தது ஒரே ஒரு தடம்.